புது டிரம்பெட்டில் நாதம் இல்லை: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: பேண்டு செட் டிரம்பெட் கலைஞர், கீழவாசல், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை.

ஐயா,

போன மாதம் உங்களிடம் 18,500 ரூபாய் கொடுத்து ஒரு டிரம்பெட் வாங்கினேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கிறது. ஊதினால் நாதம் எழும்பவில்லை. மேலூரில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குக் கொண்டுபோனேன். சைடு டிரம் தொடங்கியதும் என் சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மூச்சுப் பிடித்து ஊதி உதடு வீங்கியதுதான் மிச்சம். பாதி வழியில் அப்பாவின் பழைய டிரம்பெட்டை எடுத்தேன். பாலிஷ் போய்க் கறுத்து, ரெண்டு இடத்தில் நசுங்கிய வாத்தியம். அது தெருக்கோடி வரை கணீரென்று கேட்டது.

போனில் சொன்னதற்கு, "தகடு கனமாக இருந்தால்தான் சார் நாதம் வரும், விலை கூடின மாடலுக்கு மாறிக்கோங்க" என்றார் உங்கள் ஊழியர். இருபது வருஷமாக ஊதுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? டிரம்பெட்டில் முழங்குவது உள்ளே இருக்கும் காற்று. உதட்டின் அதிர்வு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் குழாயில் ஓடி, டிரம்பெட்டின் விரிந்த முனையை எட்டியதும் பெரும்பங்கு உதட்டுக்கே திரும்பி வருகிறது. அப்படித் திரும்பி வருவதுதான் உதட்டுக்குப் பிடிமானம். சுரம் ஆடாமல் நிற்பது அதனால்தான். நடுவில் எங்காவது காற்று கசிந்தால் அந்தப் பிடிமானம் தளர்ந்துவிடும். தகட்டின் கனமெல்லாம் அப்புறம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். விரலால் அழுத்துகிற முதல் வால்வை அழுத்தாமல், அதன் ஸ்லைடை, அதாவது இழுக்கிற வளைகுழாயை, கொஞ்சம் வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்தினால், காற்று கசியாத வாத்தியத்தில் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். அப்பாவின் டிரம்பெட்டில் இன்றைக்கும் வருகிறது. உங்களுடையதில் முதல் வால்விலும் வரவில்லை, மூன்றாவதிலும் வரவில்லை. வால்வுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன் அதன் உறைக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. எச்சில் வடிக்கிற கீயில் சோப்புத் தண்ணீர் தடவி ஊதினேன், குமிழி குமிழியாக வந்தது. சரி, அதை அடைக்கிற கார்க்கை நானே மாற்றிக்கொள்வேன். பிஸ்டனுக்கு நான் எங்கே போவது?

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். கசிவில்லாத வேறு டிரம்பெட்டை 15 நாளுக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகலும், ரெண்டு டிரம்பெட்டையும் சோதித்த வீடியோவும் இணைத்திருக்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்