கள்ளியும் காக்டஸும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வெளியான மாடித்தோட்டக் கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். அதில் 'காக்டஸ்' என்ற குறிப்புடன் அச்சான படத்தில் இருப்பது காக்டஸ் அன்று. நம் மாவட்டத்து வேலியோரங்களில் நிற்கும் சதுரக்கள்ளி. தருமபுரியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மொட்டைமாடியில் இவ்விரு வகைச் செடிகளையும் சேர்த்து வளர்த்து வருபவன் என்ற முறையில், இந்தப் பெயர்க் குழப்பத்தைக் குறித்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை யூஃபோர்பியா இனத்தவை. ஆமணக்கும் நாம் வயலில் போடும் மரவள்ளியும் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. காக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரக்கிளைகளில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் வகை ஒன்று மட்டுமே ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. எனவே சங்கப் புலவர்கள் பாலை நிலத்தில் கண்ட கள்ளி யூஃபோர்பியாவாகவே இருக்க முடியும். நாட்டுச்செடி என்றே நாம் எண்ணிவிட்ட சப்பாத்திக்கள்ளிதான், கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த காக்டஸ்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கைலென்ஸ் போதும். காக்டஸின் முட்கள் நேரடியாகத் தண்டிலிருந்து புறப்படுவதில்லை. பஞ்சு வைத்தாற்போன்ற சிறு மெத்தை ஒன்றிலிருந்து கொத்தாக எழும். அந்த மெத்தையை வளர்ப்பவர்கள் ஏரியோல் என்கிறோம். முள்ளே இல்லாத காக்டஸிலும் அது இருக்கும், யூஃபோர்பியாவில் இராது. சதுரக்கள்ளியின் விளிம்பைப் பார்த்தால் முட்கள் இரண்டிரண்டாக, பஞ்சு ஏதுமின்றி இருப்பது தெரியும். கீறிப் பார்த்துப் பால் வடிந்தால் கள்ளி என்று முடிவு செய்வோர் உண்டு. அது முழுமையான சோதனை அன்று. மாமிலேரியா காக்டஸ்களில் சிலவற்றிலும் பால் வடியும்.

என் மாடியில் அருகருகே இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் மெக்சிகோ, டெக்சாஸ் பகுதியைச் சேர்ந்த அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ். மற்றதில் தென்னாப்பிரிக்காவின் யூஃபோர்பியா ஒபீசா. இரண்டும் முள்ளற்ற உருண்டைகள்; இரண்டிலும் எட்டு மடிப்புகள். வறட்சி இருவேறு குடும்பத்துச் செடிகளை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் முதலாவதன் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் பஞ்சுப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். நடுவில் சிவப்போடிய பெரிய மஞ்சள் பூ பூக்கும். இரண்டாவதன் பூவைப் பார்க்கக் குனிய வேண்டும். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பத்து ஆண்டுகள் பழகிய பிறகும், பூவில்லாத நாளில் சற்று நின்று பார்த்துத்தான் நான் பெயரைச் சொல்வேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளர்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு நாற்றங்காலில் 'காக்டஸ்' என்று எழுதி விற்ற மூன்று பட்டைச் செடியை வாங்கி, ஒரு கிளையைப் பதியன் போடுவதற்காகக் கத்தியால் வெட்டினேன். தெறித்த பால் வலது கண்ணில் பட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. இரவுக்குள் பார்வை மங்கி, மருத்துவமனைக்குச் சென்று, ஒரு வாரம் சொட்டு மருந்து போட்ட பிறகே தெளிந்தது. அது யூஃபோர்பியா ட்ரைகோனா. அந்தச் சீட்டில் சரியான பெயரும் 'பால் கண்ணில் படக்கூடாது' என்ற ஒரு வரியும் இருந்திருந்தால் நான் கண்ணாடி அணிந்து வெட்டியிருப்பேன். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இதே செடி இன்றும் அதே பெயரில் போய்க்கொண்டிருக்கிறது.

தவறாக இனம் கண்டதால் நேர்ந்த பெரிய நிகழ்ச்சி நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினியல் பூச்சியை வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பினார்கள். சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகவே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் வைத்திருந்தார். ஆனால் 1795ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து வந்தது நல்ல சாயம் தரும் பூச்சி அன்று. அதன் காட்டு உறவினம். அது சாயத்துக்கு உதவாமல், ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்றே அழித்தது. அதைக் கண்டு 1836 முதல் தென்னிந்தியாவிலும் அந்தக் களையை ஒழிக்க அதே பூச்சியை விட்டார்கள். வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளியையோ அது தொடவே இல்லை. அதற்கென்று இன்னொரு பூச்சியை 1926இல் இலங்கை வழியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. பென்னாகரம் சாலையோரம் சப்பாத்திக்கள்ளி மடல்களில் சுண்ணாம்பு அப்பினாற்போல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள்; விரல் இரத்தச் சிவப்பாகும். பூச்சிக்குத் தெரிகிற வேறுபாட்டை நாம் ஒரே பெயரில் மூடிவிடுகிறோம்.

வளர்ப்பிலும் இதுவே நிலை. 'காக்டஸ், தண்ணீர் வேண்டாம்' என்ற பொதுச் சீட்டை நம்பிப் பலர் இழப்பது கிறிஸ்துமஸ் காக்டஸை. அது பிரேசிலின் ஈரக் காடுகளில் மரத்தின்மேல் வளர்வது. நிழலும் ஈரமும் வேண்டும். ஓசூர்க் குளிரில் அது ஓரளவு தழைக்கும்; எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வைத்தால் பத்து நாளில் வதங்கும். முள் உருண்டைகளோ வெயிலைத் தாங்கும். ஐப்பசி மழையில்தான் அழுகும். கிருஷ்ணகிரிக் குவாரிச் சிப்ஸ் ஜல்லியைப் பாதிக்குமேல் கலந்த மண்ணும், மழைக்காலத்தில் மேலே ஒரு பாலித்தீன் விரிப்பும் இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள் உருண்டையை ஒட்டுக் கட்டி விற்பதும், காய்ந்த பூவைப் பசையால் ஒட்டிப் 'பூத்த காக்டஸ்' என்று விற்பதும் சேர்ந்துகொள்ளும்போது வாங்குபவர் என்னதான் செய்வார்? பச்சையமில்லாத அந்த உருண்டை அடிச்செடியின் தயவில் சில ஆண்டுகளே வாழும் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் வெறுமனே 'மாம்பழம்' என்று ஒரு தட்டில் எழுதி வைத்தால் நம் விவசாயிகள் ஏற்பார்களா? பெங்களூரா, செந்தூரா, மல்கோவா என்று பெயர் சொல்லித்தானே வைக்கிறார்கள். அதே மரியாதையை முட்செடிகளுக்கும் கேட்கிறேன். நாற்றங்கால் உரிமையாளர்கள் ஒவ்வொரு தொட்டியிலும் இனப்பெயர், பால் உள்ளதா இல்லையா, வெயிலா நிழலா என்ற மூன்றையும் எழுத வேண்டும். தோட்டக்கலைத் துறையினர் மலர்க் கண்காட்சிகளிலாவது இதை வலியுறுத்த வேண்டும். மார்க்கர் பேனாவால் எழுதினால் ஒரே கோடையில் வெளுத்துவிடும். பென்சிலால் எழுதிய பிளாஸ்டிக் சீட்டுகள் என்னிடம் பல ஆண்டுகள் நிற்கின்றன. தங்கள் நாளிதழும் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நாற்றங்கால்காரர் எவரேனும் விரும்பினால், லென்ஸும் பென்சிலுமாக வந்து செடிகளை இனம் கண்டு எழுதித் தர ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தருமபுரி