மாஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் மூக்கைப் பாருங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம்ம தண்டையார்பேட்டை கடையில், தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபேப் மெஷின் வாங்கியவர்களுக்கும், வேறு எங்கோ வாங்கிவிட்டு மாஸ்க், டியூப், ஃபில்டருக்கு மட்டும் நம்மிடம் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். கடையில் அடிக்கடி காதில் விழுகிற புகார் ஒன்று உண்டு. காலையில் எழுந்தால் வாய் கட்டையாகக் காய்ந்து கிடக்கிறது, நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் குடிக்கவே ராத்திரியில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, மெஷின் போட்டும் பகலில் கண் சொக்குகிறது. இதைச் சொல்லி முடித்த கையோடு, "வாயையும் சேர்த்து மூடுற பெரிய மாஸ்க் இருந்தா குடுங்க" என்று கேட்பார்கள். எடுத்துக் கொடுத்தால் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் நிறையப் பேருக்கு அது முதலில் செய்ய வேண்டிய வேலை இல்லை. வாய் ஏன் திறக்கிறது என்று பார்க்காமல் வாயை மூடப் போனால் காசும் போகும், தூக்கமும் வராது.

மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது, அதனால்தான் குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது எல்லாம். மெஷின் அனுப்புகிற காற்றின் அழுத்தம், சாமியானா பந்தலின் நடுக்கம்பு மாதிரி, அந்தச் சதை சரிந்து விழாமல் தூக்கிப் பிடிக்கிறது. மூக்கு வழியாக உள்ளே போன காற்று வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே ஓடிவிட்டால் அழுத்தம் இறங்கும், சதை மறுபடியும் சரியும். அழுத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கிற ஆட்டோ மெஷின் என்றால் அது வேறு விதமாகவும் குழம்பும். சில இரவு ஈடுகட்டுவதற்காக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், கூட்டக் கூட்ட வாய் இன்னும் திறக்கும். கசிவு ரொம்பப் பெரிதாகிவிட்டால் மூச்சு நிற்பதையே சரியாகக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும், காலையில் திரையில் எண் நன்றாகத் தெரியும், உங்களுக்கோ தலை கனக்கும். அதனால் மணிக்கு எத்தனை முறை மூச்சுத் தடை என்ற எண் 5-க்குக் கீழே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், பக்கத்தில் லீக் எண்ணையும் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அது இரவின் பெரும்பகுதி நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் சரி. வேறு சில கம்பெனி மெஷின்கள் மாஸ்க்கில் காற்று வெளியேறுவதற்கென்றே வைத்திருக்கிற துளை வழியாகப் போவதையும் சேர்த்துக் காட்டும், எனவே பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

அந்தத் துளையைப் பற்றி ஒரு வார்த்தை. மாஸ்க்கின் முன்பக்கமோ, டியூப் மாட்டுகிற, முழங்கை மாதிரி வளைந்த இணைப்பிலோ பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும், அங்கே கையை வைத்தால் காற்று வரும். அது கசிவு இல்லை. நீங்கள் விடுகிற மூச்சு வெளியே போக வேண்டிய வழி அது. சத்தம் வருகிறது என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டி வரும்.

சரி, கசிவது வாயா மாஸ்க்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூங்குகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். கொருக்குப்பேட்டை அக்கா ஒருவர் வீட்டுக்காரர் தூங்குவதை ஃபோனில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். இரண்டு கன்னமும் மெதுவாக உப்புகிறது, உதடு பஃப் என்று விடுபடுகிறது, கொஞ்ச நேரம் அடங்கி மறுபடியும் உப்புகிறது. அது வாய்தான், சந்தேகமே இல்லை. கண் பக்கம் காற்று அடித்துக் காலையில் கண் சிவந்திருந்தால், அல்லது கன்னத்தின் ஓரம் சத்தம் கேட்டால், அது மாஸ்க் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வாய் என்று உறுதியானால் நாங்கள் முதலில் கேட்பது மூக்கைப் பற்றித்தான். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறந்தே தீரும், உடம்புக்கு வேறு வழி கிடையாது. நம்ம பக்கம் மூக்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் ரோட்டில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி, மணலி பக்கத்துக் காற்று, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த சுவர், இதற்கு நடுவில் படுக்கிறோம். பலருக்கு மூக்கு அடைத்திருப்பதே பழகிப்போய் அடைப்பு என்றே தோன்றுவதில்லை. படுக்கப் போகும் முன் வாயை மூடிக்கொண்டு ஒரு பக்கத் துவாரத்தை விரலால் அழுத்தி மறு பக்கமாக மூச்சு விட்டுப் பாருங்கள், அப்புறம் பக்கம் மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் திணறல் தினமும் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், அலர்ஜியாக இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்தோ வழியோ இருக்கிறது. தனியார் கிளினிக்குக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது, காலையில் நேரத்தோடு போய் சீட்டு போட வேண்டும், அவ்வளவுதான். காசிமேட்டு ஐயா ஒருவர், விசைப்படகு வைத்திருப்பவர், வேறு இடத்தில் பெரிய மாஸ்க் வாங்கியும் வாய் காய்வது நிற்கவில்லை என்று வந்தார். மூக்கில் சதை வளர்ந்திருந்தது. அதைக் கவனித்த பிறகு மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க்குக்கே திரும்பிவிட்டார், முழு ராத்திரியும் போட்டுக்கொண்டு தூங்குகிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூக்கில் விடுகிற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து உடனே திறந்துவிடும் என்பதால் சிலர் தினமும் படுக்கும் முன் விடுகிறார்கள். மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள், அதற்கு மேல் விட்டால் மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும், பிறகு அது இல்லாமல் தூங்கவே முடியாது. உப்புநீர் ஸ்ப்ரே அப்படிப்பட்டது இல்லை, தினமும் அடிக்கலாம். குடுவையில் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவுகிற பழக்கம் இருந்தால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஈரப்பதம். "நம்ம ஊர்ல காத்தே புழுக்கமா இருக்கு, மெஷின்ல தண்ணி எதுக்கு" என்று, காற்றுக்கு ஈரம் சேர்க்கிற தொட்டியான ஹியூமிடிஃபையரைக் காலியாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மின்விசிறி மட்டும் போட்டுத் தூங்கினால் சிலருக்கு அது ஓடலாம். ஏசி அறையில் காற்று வறண்டுவிடும். அதைவிட முக்கியமான விஷயம், மூச்சு விடும்போது அந்தக் காற்றில் இருக்கிற ஈரத்தையும் சூட்டையும் மூக்கு திரும்பப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாய் கசியும்போது காற்று மூக்கு வழியாக வந்து வாய் வழியாகவே போய்க்கொண்டிருக்கும், மூக்குக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றும் இல்லை. மூக்கு வறண்டு உள்சவ்வு வீங்கும், வீங்கினால் அடைக்கும், அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். இந்தச் சுற்றை உடைக்கச் சூடாக்கும் ஹியூமிடிஃபையர் நன்றாகக் கைகொடுக்கிறது, பல பேருக்கு அதை நடு அளவில் வைத்ததுமே வித்தியாசம் தெரிகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், நம்ம போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டியின் அடியில் வெள்ளையாக உப்பு படியும். மீதித் தண்ணீரைக் காலையில் கொட்டிவிடுங்கள். டியூபில் தண்ணீர் சேர்ந்து களக் களக் என்றால் அறை ரொம்பக் குளிர்ந்திருக்கிறது, ஏசியை 26-க்கு ஏற்றி, டியூபைப் போர்வைக்கு உள்ளே விட்டு, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள்.

மாஸ்க் பற்றிச் சுருக்கமாக. பட்டையை இறுக்க இறுக்க லீக் நிற்கும் என்பது தவறு, சிலிகான் விளிம்பு காற்றில் லேசாக உப்பி முகத்தில் படிய வேண்டும், இறுக்கினால் மடிந்துவிடும். உட்கார்ந்து மாட்டாமல் படுத்துக்கொண்டு, மெஷின் ஓடும்போது சரி செய்யுங்கள், முகச்சதை படுத்தால் வேறு மாதிரி அமரும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த ராத்திரி மட்டும் லீக் எகிறுகிறது என்றால் காரணம் நெற்றியிலிருந்து இறங்குகிற எண்ணெய்தான். படுக்கும் முன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள், தினமும் முகத்தில் படிகிற சிலிகான் குஷனை மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காய வைத்தால் சிலிகான் சீக்கிரம் வீணாகும். மஞ்சளாகி விளிம்பு தொளதொளவென்று ஆகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அதற்கு வைத்தியம் கிடையாது.

பல்செட் போடுகிற பெரியவர்களுக்கு இன்னொன்று. செட்டைக் கழற்றி வைத்ததும் கன்னமும் உதடும் உள்வாங்கும், வாய் பிடிப்பு இல்லாமல் திறந்துகொள்ளும். மாஸ்க்கை அளவு பார்க்க வரும்போது, ராத்திரி செட்டோடு தூங்குவீர்களா கழற்றிவிட்டா என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அதே நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். செட்டைப் போட்டுக்கொண்டே தூங்கலாமா என்பதைப் பல் டாக்டரிடம் கேளுங்கள்.

மல்லாந்து படுத்தால் தாடை கீழே தொங்கும், ஒருக்களித்துப் படுத்தால் குறையும். இன்னொரு பழக்கம், செலவே இல்லாதது: நாக்கின் நுனியை மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் வைத்து, நாக்கு முழுவதையும் மேல் அண்ணத்தோடு ஒட்டவைத்து, உதட்டை மூடி, மெஷினைப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கும்போது பழகுங்கள். முதலில் நினைப்பு வைத்துச் செய்ய வேண்டும், சிலருக்கு நாளாக ஆகத் தூக்கத்திலும் அப்படியே நிற்கிறது. எல்லோருக்கும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கசிந்தால் டாக்டரிடம் மெஷின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். பல ஆட்டோ மெஷின்களில் அழுத்தத்தை, மெஷினின் முழு அளவான 4 முதல் 20 வரை அப்படியே திறந்து விட்டிருப்பார்கள். கீழ் அளவு போதாமல் தொண்டை மூடித் திணறி வாயைத் திறக்கிறவர்களும் உண்டு, மேல் அளவு தேவைக்கு அதிகமாகப் போய் வாயைத் திறக்கிறவர்களும் உண்டு. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுப்போம். எழுதிக் கொடுக்காமல் மாற்ற மாட்டோம், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும்.

கடைசியாகத்தான் தாடைப் பட்டையும் பெரிய மாஸ்க்கும். பட்டை தாடையைத் தூக்கும், உதட்டை மூடாது, அதனால் சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. தாடையைப் பின்னால் இழுக்கிற மாதிரி இறுக்கிக் கட்டினால் தொண்டை இன்னும் குறுகும், எனவே மேல்நோக்கி மட்டும், மெதுவாக. ஃபுல் ஃபேஸ் மாஸ்க், மூக்கு எந்த வழியிலும் திறக்காதவர்களுக்கு உண்மையிலேயே வரம், அதில் மெஷின் நின்றால் தானாகத் திறக்கிற வால்வும் இருக்கிறது. ஆனால் முகத்தில் அதிக இடத்தில் படிய வேண்டியிருப்பதால் கசிய இடமும் அதிகம், பலருக்கு அதில் அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மாஸ்க்கைத் தானாகக் கழற்ற முடியாதவர்களுக்கு, பக்கவாதம் வந்தவர்கள் போன்றவர்களுக்கு, வாந்தி வந்தால் அது ஆபத்து, டாக்டர் சொல்லாமல் போடவே கூடாது.

வாயில் டேப் ஒட்டுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, ஒட்டலாமா என்று கேட்கிறீர்கள். நாங்கள் விற்பதில்லை, பரிந்துரைப்பதும் இல்லை. நடுராத்திரி கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஏரியாவில் மே மாதம் அது நடக்காத விஷயமா? மெஷின் நின்றுவிடும், மூக்கில் மாஸ்க், வாயில் டேப், நீங்கள் விட்ட மூச்சு டியூபுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூக்கு அடைத்திருப்பவர், நெஞ்செரிச்சலும் வாந்தியும் உள்ளவர், மது அருந்தியவர், தூக்க மாத்திரை போட்டவர் யாராக இருந்தாலும் டேப் பக்கமே போக வேண்டாம்.

கடைக்கு வரும்போது மாஸ்க்கைக் கழுவாமல் இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டு வாருங்கள், எங்கே அழுக்கு படிந்திருக்கிறது என்பதிலிருந்தே மாஸ்க் முகத்தில் எங்கே சரியாக உட்காரவில்லை என்று தெரியும். மெஷினில் மெமரி கார்டு இருந்தால் அதையும், ஃபோனில் எடுத்த வீடியோவையும் கொண்டு வாருங்கள். உள்ளே கட்டில் போட்டிருக்கிறோம், படுத்து, மெஷினை ஓடவிட்டுத்தான் பார்ப்போம், அதற்குக் காசு கிடையாது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், வாரநாளில் மதியம் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம். முடிந்தால் ராத்திரி உங்கள் பக்கத்தில் படுப்பவரையும் அழைத்து வாருங்கள், எங்களுக்குக் கேட்க வேண்டியது பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தண்டையார்பேட்டை கடையினர்