நோயுற்ற பிக்குகளுக்கு ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் விகாரையில் வயதான பிக்குகள் அதிகமாகிவிட்டார்கள். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் தனியே படுக்கவைக்க இடமில்லை. இரவுத் துணைக்கு இருப்பவர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் இரண்டு கட்டில் போடும்படி ஓர் அறை, ஒட்டினாற்போல் குளியலறை, சின்ன அடுப்படி கட்டத் தீர்மானித்திருக்கிறோம்.

கேட்பது நாங்கள்தான், பிக்குகள் அல்ல. அவர்கள் பணத்தைத் தொடுவதில்லை. சோற்றை மறுநாளைக்கு எடுத்து வைப்பதுமில்லை. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றை மருந்தாக 7 நாள் வரை வைத்துக்கொள்ள வினயம் என்னும் துறவியர் ஒழுக்க விதி இடம் தருகிறது, அவ்வளவுதான். சீவரம் எனும் துறவாடை, உணவு, உறைவிடம், மருந்து எல்லாம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

வயிற்றுப்போக்கில் எழ முடியாமல் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் புத்தர் கண்ட கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டதற்கு, தன்னால் மற்றவர்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை, அதனால்தான் என்றார் அவர். புத்தரின் சீடர் ஆனந்தர் தண்ணீர் கொண்டுவந்தார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட்டார். அப்புறம் தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். என்னைக் கவனிக்க நினைப்பவர் நோயாளியைக் கவனிக்கட்டும் என்று புத்தர் சொன்னது அன்றைக்குத்தான்.

புத்தரின் இல்லறச் சீடரான விசாகை அவரிடம் கேட்டுப் பெற்ற 8 வரங்களில், நோயாளியைக் கவனிப்பவருக்கு உணவளிப்பதும் ஒன்று. அவர் தன் சாப்பாட்டுக்கு அலைந்தால் நோயாளிக்கு வேளை தப்பிவிடும் என்று அந்த அம்மாள் யோசித்திருக்கிறார். அடுப்படியைத் திட்டத்தில் சேர்த்தது இதனால்தான்.

அறை எந்த ஒருவருக்கும் சொந்தமாகாது. வழிப்போக்காக வரும் பிக்குவும் படுக்கலாம். புத்தரை வளர்த்த சிற்றன்னை கோதமி தன் கையால் நெய்த துணியை அவருக்கென்று கொண்டுவந்தபோதும், துறவியர் கூட்டமான சங்கத்துக்குக் கொடுங்கள் என்றுதானே புத்தர் சொன்னார்.

எவ்வளவு என்று கேட்காதீர்கள். தனக்கும் பிறருக்கும் நோகாமல் கொடுப்பதே நல்ல தானம். கடன் வாங்கித் தர வேண்டாம், வீட்டில் சண்டை போட்டும் வேண்டாம். பணம் முடியாதவர்கள் செங்கல் இறக்க வரலாம், இரவுத் துணைக்குப் பெயர் கொடுக்கலாம். அதுவும் எங்களுக்குத் தானம்தான். யார் பெயரும் தொகையும் சுவரில் பொறிக்கப்படாது. வரவு செலவு மட்டும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

நன்கொடையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிக்குகள் ஒரே இடத்தில் தங்கும் மழைக்கால வாசம் தொடங்குவதற்குள் கூரை போட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்