ஞாயிறு எலும்பு அடர்த்திப் பரிசோதனை: பெயர் கொடுக்கவும்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 8 முதல் 12 வரை, நம் கிளப் ஹவுஸில் பெண்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை. கட்டணம் இல்லை.

1. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள அம்மாக்கள், பாட்டிகள் அனைவரும் வரவும்.

2. வயது குறைவானாலும் வர வேண்டியவர்கள்: 45-க்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், லேசாக வழுக்கியதிலேயே மணிக்கட்டு முறிந்தவர்கள், அப்பா அல்லது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தவர்கள்.

3. இது குதிகாலில் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். வலிக்காது, சில நிமிடம்தான். ஆனால் முதல்கட்டம் மட்டுமே. குறைவாக வந்தால் இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். அதில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். ஞாயிறு ரிசல்ட்டை மட்டும் நம்பி யாரும் மாத்திரை வாங்க வேண்டாம்.

4. பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எடுத்து வரவும். சாப்பிட்டுவிட்டே வரலாம்.

"எனக்குத்தான் வலியே இல்லையே" என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பார்கள். எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலி தெரியாது. சரியாக இருந்த நைட்டி இப்போது தரையில் இழுபடுகிறதா? முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைந்திருக்கலாம். அவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

பெயர், வயது, பிளாட் எண்ணை வெள்ளி இரவு 9-க்குள் இங்கேயே பதிவிடவும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.