நெருக்கடிக் காலத்தில் நம்பிக்கை விவாதம் வீண் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதார நெருக்கடியில் சிக்கிய நாடு முதலில் எண்ணெய்க்கும் அரிசிக்கும் வழி தேட வேண்டும், அந்த நேரத்தில் நாடாளுமன்றம் நம்பிக்கைத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று விவாதித்துக்கொண்டிருப்பது வீண் வேலை என்ற கருத்து, இலங்கையின் 2022ஆம் ஆண்டு அனுபவத்தைச் சான்றாகக் காட்டி, வாசகர் கடிதங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, கேரளத்தில் புனலூரை அடுத்த ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். இலங்கை காட்டும் பாடம் இதற்கு நேர்மாறானது என்று உறுதியாக நம்புகிறேன். நடக்க வேண்டிய விவாதம் உரிய நாளில் நடக்காமல் போனதுதான் அங்கே கேட்டைப் பெருக்கியது.

நாட்களை வரிசையாகப் பார்த்தாலே இது விளங்கும். 2022 ஏப்ரல் 3ஆம் தேதி இரவு, பிரதமர் மகிந்த ராஜபக்ச நீங்கலாக அமைச்சர்கள் அனைவரும் பதவி விலகினர். மறுநாள் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற அலி சப்ரி, அதற்கு அடுத்த நாளே விலகல் கடிதம் கொடுத்து, பின்னர் பதவியில் தொடர்ந்தார். ஏப்ரல் 5ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியபோது, ஆளும் கூட்டணியிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தனித்து இயங்கப்போவதாக அறிவித்தனர். 225 உறுப்பினர்கள் கொண்ட அவையில் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அன்றோ அந்த வாரத்திலோ அதற்கு வாக்கெடுப்பின் மூலம் விடை காணப்படவில்லை. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. மே 3ஆம் தேதிதான் எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகரிடம் கையளித்தது. அடுத்த நாள், நாட்டிடம் பயன்படுத்தக்கூடிய நிலையில் உள்ள அந்நியச் செலாவணி ஐந்து கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் அவையில் கூறினார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டின் நிலைமை அது. அந்த உண்மையை வைத்து அரசிடம் கணக்குக் கேட்டு, நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவை வாக்களிப்பதற்குள் மே 9 வந்துவிட்டது. கொழும்பில் அமைதியாகப் போராடிக்கொண்டிருந்தவர்கள் தாக்கப்பட்டனர், அதற்குப் பதிலடியாக வன்முறை பரவியது, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் உயிரிழந்தார், பிரதமர் விலகினார். அவை பேசாததைத் தெரு பேசியது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மே 17ஆம் தேதி நடந்தது இதைவிட வருத்தத்துக்குரியது. அதற்கு முந்தைய நாள்தான் புதிய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, ஒரு நாளுக்கான பெட்ரோல் மட்டுமே கையிருப்பில் உள்ளது என்று தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் கூறியிருந்தார். குடியரசுத் தலைவர் கோத்தபய ராஜபக்ச மீதான அதிருப்தித் தீர்மானத்தை உடனே விவாதிப்பதற்காக, அவையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்த வேண்டும் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் அவையில் கோரினார். அக்கோரிக்கைக்கு ஆதரவாக 68 பேரும் எதிராக 119 பேரும் வாக்களித்தனர். அன்று தோற்றது அதிருப்தித் தீர்மானம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதை உடனே பேசலாமா என்ற கேள்விதான் தோற்றது. உறுப்பினர்களின் வீடுகள் எரிக்கப்பட்டிருந்த நேரம் அது என்பதையும், அவர்களுடைய அச்சம் இயல்பானது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற மக்களுக்கு அந்த வாக்கெடுப்பு என்ன செய்தியைச் சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்ட அமைப்பில் உள்ள குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் பிரதமரையும் அமைச்சரவையையும் அகற்ற முடியும், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் குடியரசுத் தலைவரை அகற்ற முடியாது. அவரை அகற்றும் வழியோ உச்ச நீதிமன்ற விசாரணையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும் தேவைப்படும் நெடிய வழி. 2015இல் 19ஆவது திருத்தம் அவருடைய அதிகாரங்களைக் குறைத்தது. 2020 அக்டோபரில் நாடாளுமன்றம் 156 வாக்குகளுக்கு 65 என்ற கணக்கில் 20ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்த முடிவுக்கும், அதற்கு முன் 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்த முடிவுக்கும் யாரைப் பொறுப்பாளியாக்க வேண்டுமோ, அவர் நம்பிக்கை வாக்கெடுப்பின் எல்லைக்கு வெளியே இருந்தார். பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்று அந்நாட்டு அரசமைப்பின் 148ஆவது பிரிவு கூறுகிறது. அந்தக் கட்டுப்பாட்டை அவை பயன்படுத்தியிருந்தால், 2022 ஜனவரியில் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளையில் 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்டியது சரியா, அந்தப் பணத்தை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்திருக்க வேண்டாமா என்பதை அங்கேயே தீர்த்திருக்கலாம்.

தோட்டத்து மக்களுக்கு இதன் விளைவு என்ன என்பதைப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் அவர்களுடைய நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய், அடுத்த ஆண்டு நடுவில் ஏறத்தாழ 360 ரூபாய். கூலி உயராமலே சம்பளம் தேய்ந்துவிட்டது. அவர்கள் அன்றாடம் ரொட்டி சுடும் கோதுமை மாவு முழுக்க இறக்குமதியை நம்பியது. உரத் தடையால் கொழுந்தும் குறைந்தது, கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. நகரத்து நடுத்தர வர்க்கம் கொழும்பின் காலிமுகத்திடலில் கூடிக் குரல் எழுப்ப முடிந்தது. ஹட்டன், பதுளைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், இருப்பவர்களுக்கு நாடாளுமன்றம்தான் குரல்.

நம் நாட்டு 1990–91 நெருக்கடியை எடுத்துக்காட்டி என் கருத்தை மறுப்பவர்கள் இருக்கக்கூடும். 1990 நவம்பர் 7ஆம் தேதி வி.பி. சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது, அடுத்து வந்த சந்திரசேகர் அரசு முழு வரவுசெலவுத் திட்டத்தைக்கூடத் தாக்கல் செய்ய முடியாமல் விலகியது, தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கடன் வாங்கும் நிலை வந்தது என்பார்கள். இவை உண்மை. அரசுகள் அடிக்கடி கவிழ்வது நல்லது என்று நான் வாதிடவும் இல்லை. ஆனால் 1991 ஜூலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது, ரிசர்வ் வங்கியின் 47 டன் அளவுத் தங்கம் அடகுக்காக இங்கிலாந்து வங்கியை நோக்கிப் பயணப்பட்டது, மாதத்தின் 24ஆம் தேதி மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். அதே மாதத்தில், தனிப் பெரும்பான்மை இல்லாத நரசிம்ம ராவ் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரி வென்றது. நாடு திவாலின் விளிம்பில் நிற்கிறது, விவாதத்துக்கு நேரமில்லை என்று அன்று யாரும் ஒதுங்கிவிடவில்லை. அந்த வாக்கெடுப்பு அரசின் கடினமான முடிவுகளுக்கு ஒரு தகுதியைத் தந்தது. அந்த முடிவுகளை ஏற்காதவர்களுக்கும் அவையில் பேச இடம் இருந்தது.

அவை தள்ளிப்போட்டதை நீதிமன்றம் பேச வேண்டியதாயிற்று. 2023 நவம்பர் 14ஆம் தேதி, கோத்தபய, மகிந்த, பசில் ராஜபக்சர்களும், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் உள்ளிட்ட உயர் பொறுப்பிலிருந்தோரும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் பொதுமக்களின் நம்பிக்கைக்கு மாறாக நடந்துகொண்டனர் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வரவேற்கத்தக்க தீர்ப்புதான். ஆயினும் வரிசையில் நின்றவர்களுக்கும், மருந்து கிடைக்காமல் தவித்தவர்களுக்கும் அது காலம் கடந்து வந்தது. நாடாளுமன்றத்தின் கையில் இருந்த பொறுப்பைக் குடிமக்கள் சிலர் வழக்காகச் சுமக்க வேண்டியிருந்தது.

வேறொரு நாட்டின் நாடாளுமன்றத்தைப் பற்றிக் கேரளத்தில் இருப்பவனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த நாடாளுமன்றம் எடுத்த முடிவுகளால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வெற்றி பெற்றனர். 1948இல் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறின. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகி, வாக்குரிமையையும் இழந்தனர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. அவர்களில் ஒரு பகுதியினர்தான் கொல்லம் மாவட்டத்தின் குளத்துப்புழை, ஆயிரநல்லூர்த் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்ட வந்தனர். 2022இல் எரிபொருள் நிரப்பத் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இலங்கை விமானங்கள் இறங்கியபோதும், தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியபோதும், எங்கள் குடும்பங்களில் அது வெளிநாட்டுச் செய்தியாகப் படிக்கப்படவில்லை. வாக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை வாழ்ந்து அறிந்தவர்களுக்கு, வாக்கு இருந்தும் அவை பேச மறுத்தது ஆறாத வலியாக இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இலங்கை நாடாளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் தமிழ் உறுப்பினர்களின் உரைகள் தமிழிலேயே அச்சாகின்றன. 2022 ஏப்ரல் 5 முதல் மே 17 வரையிலான அமர்வுகளில் மலையக, வடக்கு, கிழக்கு மாகாண உறுப்பினர்கள் பேசியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தாங்கள் தொடராக வெளியிட்டால், நம்பிக்கை விவாதம் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களும் எல்லையோரத்தில் வாழும் எங்களைப் போன்றவர்களும் அவ்வுரைகளைப் படித்துப் பார்த்தே முடிவு செய்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
குளத்துப்புழை, கொல்லம் மாவட்டம், கேரளம்.