சட்டம் கட்டணம் தந்தது; இருக்கை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் கூட்டம் பெருகியதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, பெருமை முழுவதையும் 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, ஜி.ஐ. சட்டம் எனப்படும் படைவீரர் நலச் சட்டத்துக்கே கொடுத்துவிட்டது. படையிலிருந்து திரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும் மாதந்தோறும் உதவித்தொகையும் அச்சட்டத்தால் கிடைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் 1947இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்களாக இருந்தபோது, அவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு அதில் வழி சொல்லப்படவில்லை.

போர் விட்டுச்சென்ற கட்டடங்களே கைகொடுத்தன. சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்குள் அரை மைலுக்கும் மேல் நீண்டிருக்கும் நேவி பியர் என்னும் துறைமேடையில், போர்க்காலத்தில் கடற்படையினருக்குப் பயிற்சி நடந்தது. 1946 அக்டோபரில் இல்லினாய் பல்கலைக்கழகம் அதே இடத்தில் ஏறக்குறைய 4,000 மாணவர்களோடு வகுப்புகளைத் தொடங்கியது. ஒரு கோடியில் ஒரு பாடமும் மறு கோடியில் அடுத்த பாடமும் இருந்தால், இடைவேளை முழுவதும் நடையிலேயே கழிந்துவிடும். மாணவர்கள் அந்த வளாகத்துக்குப் ‘பாறைமேல் ஹார்வர்டு’ என்று கேலிப்பெயர் சூட்டியிருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் மட்டுமே அங்கு நடந்ததால், பட்டம் பெற விரும்பியவர்கள் அப்பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இருந்த அர்பானாவுக்கோ வேறு கல்லூரிக்கோ போக வேண்டியிருந்தது. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய இந்த ஏற்பாடு 1965 வரை நீடித்தது. (தற்காலிகம் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தான் போலும்.)

ஹார்வர்டின் தலைவராக இருந்த கோனன்ட், இத்தனை பேரைச் சேர்த்தால் தரம் சரியும் என்று முதலில் அஞ்சியவர். டிரெய்லர்களிலும் தகரக் கொட்டகைகளிலும் மனைவி மக்களோடு குடியிருந்து படித்தவர்கள் தேர்வுகளில் முந்திக்கொண்டு வந்ததைக் கண்டபின், தம் கருத்தை அவரே மாற்றிக்கொண்டார்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. தென் மாநிலங்களில் நிறப் பாகுபாட்டினால் வெள்ளையர் கல்லூரிகளின் கதவு மூடியிருக்க, கறுப்பினப் படைவீரர்கள் தங்களுக்கென இருந்த சிறிய கல்லூரிகளையே நாட வேண்டியிருந்தது. அங்கே இடம் போதாமல், கட்டணத்துக்கான உரிமை கையில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், இதிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
திருநெல்வேலி.