அப்பாவுக்கு, அபர்டீனிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நலம். அங்கு எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் வந்து மேசையிலேயே கிடக்கிறது. பதில் போட இத்தனை நாள் இழுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாண வீட்டில் ராஜு மாமா எல்லோரிடமும் "மருமகன் வெள்ளைக்காரன் ஊரில் ஈ எண்ணுகிறான்" என்று சொன்னாராமே. மாமா சொன்னது முழுக்கத் தப்பில்லை. ஆனால் எண்ணுவது கடைசி வேலை. அதற்கு முன்னால், இது எந்தப் பூச்சி, எந்த இடத்தில் இருந்தது, இரண்டையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதிய வேண்டும். அடங்கல் எழுதிய கை உங்களுடையது, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பூச்சிக்கு ஸ்டோன்ஃப்ளை என்று பெயர். சின்ன வயதில் தண்ணீருக்கடியில், கல்லோடு ஒட்டிக் கிடக்கும். வளர்ந்ததும் கரையேறித் தோலுரித்து இறக்கை விடும். தண்ணீர் அழுக்கானாலும், சூடேறி ஆக்சிஜன் குறைந்தாலும் முதலில் காணாமல் போவது இதுதான். பிரிட்டனில் 30-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இப்போது நாங்கள் தேடுவது பிராக்கிப்டெரா புடாட்டா. 1838-லேயே நியூமன் என்பவர் பெயர் வைத்தது. உலகத்திலேயே பிரிட்டனில் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் இன்றைக்கு ஏறக்குறைய எல்லாம் ஸ்காட்லாந்து ஆறுகளில். இங்கே ஓடும் டீ ஆறும் அதில் ஒன்று.

இதை ஆற்றில் இறங்கித்தான் தேட வேண்டும் என்றில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வளர்ந்த பூச்சி கரையோர வேலிக் கம்பங்களில் வந்து உட்காரும். தண்ணீரிலிருந்து சில மீட்டருக்குள் இருக்கும் பழைய மரக் கம்பமாகப் பார்க்க வேண்டும். காற்றில்லாத, வெயில் அடிக்கிற மத்தியானம் நல்லது. கம்பத்தின் வெயில் படும் பக்கத்தையும், காற்று மறைவான பக்கத்தையும், மரத்தின் விரிசல்களையும் பார்க்க வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவரையும் விடக்கூடாது. வலையோடு ஆற்றில் இறங்குவதற்கு இந்த மாதங்களில் யோசிக்க வேண்டும். சால்மன் மீன் நவம்பர், டிசம்பரில் பரலுக்குள் முட்டை புதைத்திருக்கும். நாம் காலால் கிளறினால் அத்தனையும் போச்சு. சரி, கோடையில் இறங்கலாமே என்றால், அப்போது இந்தப் பூச்சி முட்டையாகவோ கண்ணுக்கே அகப்படாத குஞ்சாகவோதான் இருக்கும். ஜூலையில் வலை போட்டுவிட்டு "இங்கே கிடையாது" என்று எழுதுகிறவர்களால்தான், பூச்சி எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் பாதி ஓட்டை.

அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. முதலில் 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பிறகு அறையில் மைக்ராஸ்கோப். பாதத்தைப் பார்க்க வேண்டும். எல்லா ஸ்டோன்ஃப்ளைக்கும் பாதம் மூன்று கணு. மற்ற சிறு வகைகளில் நடுக்கணு குட்டையாக இருக்கும். புடாட்டா சேர்ந்த குடும்பத்தில் மட்டும் மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம். அது சரியாக இருந்தால் அடுத்து, காலின் அடிமூட்டில் உள்பக்கம் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அது டீனியாப்டெரிக்ஸ், அதே குடும்பத்தில் வேறு வகை, தள்ளி வைத்துவிடலாம். இல்லையென்றால் பெரும்பாலும் பிராக்கிப்டெரா. அதிலும் இங்கே இரண்டு உண்டு. பிராக்கிப்டெரா ரிசி எங்கும் கிடைக்கும், ஆண் பெண் இரண்டுக்கும் முழு இறக்கை. புடாட்டாவில் ஆணுக்கு இறக்கை கட்டை, பறக்காது. அதனால் ஆண் ஒன்று கிடைத்தால் பெரும்பாலும் அங்கேயே விடை தெரிந்துவிடும். பெண் மட்டும் கிடைத்தால் வயிற்றின் அடியில், கடைசி வளையங்களில் இருக்கும் தகட்டின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது. ஃபோட்டோ மட்டும் அனுப்பினால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஒரு இடத்துக்கு ஒன்றிரண்டு எடுத்தால் போதும், மற்றதை விட்டுவிடுவோம். சாராயத்தில் போட்டால் நிறம் வெளுத்துவிடும், அதனால் முதலில் படம். பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹால், டி.என்.ஏ. பார்ப்பதென்றால் 95. சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும், பென்சிலால் எழுதி. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிட்டால் எந்த ஆறு என்றே தெரியாமல் பூச்சி மட்டும் மிஞ்சும்.

கீழ் வீட்டுத் தாத்தா கொண்டுவரும் பூச்சி அந்த ரகம். ஆயுசு பூராவும் தூண்டில் போட்டவர். இறகும் நூலும் வைத்துப் பொய்ப்பூச்சி கட்டுவதில் கெட்டிக்காரர். செம்பழுப்பாக எது பறந்தாலும் அவருக்கு அது 'ஃபெப்ருவரி ரெட்'தான், இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்குத் தூண்டில்காரர்கள் சொல்லும் பெயர். தீப்பெட்டிக்குள் காய்ந்து இறக்கை உதிர்ந்த பூச்சியைக் கொண்டுவந்து நீட்டுவார். எங்கே பிடித்தீர்கள் என்றால் "ஆற்றில்" என்பார். டீ ஆறு கெய்ர்ன்கார்ம் மலையிலிருந்து கடல்வரை வருகிறது, அதில் எங்கே என்று வைப்பது? ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் கதவைத் தட்டி சூப் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்காகவே பூச்சியையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இடம் குறிப்பது நம் சர்வே நம்பரும் உட்பிரிவும் மாதிரி. நாட்டையே 100 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து கொடுத்திருக்கிறார்கள். டீ ஆற்றங்கரையில் இருக்கும் பாலட்டர் ஊர் 'என்.ஓ. 370 957'. முதல் மூன்று எண் கிழக்காக, அடுத்த மூன்று வடக்காக. ஆறு எண் போட்டால் 100 மீட்டர் சதுரம், எட்டு போட்டால் 10 மீட்டர். இரண்டு பாதியையும் மாற்றி 957 370 என்று எழுதினால் பூச்சி வட கடலுக்குள் போய்விடும். அது பரவாயில்லை, உடனே பிடிபடும். கண்டுபிடிக்க முடியாதது, காரை நிறுத்திய இடத்தைப் பூச்சி கிடைத்த இடமாக எழுதுவது. கம்பத்தடியில் நின்று ஜி.பி.எஸ். பார்த்து எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

கிடைக்காத இடத்தையும் எழுதுவோம். எத்தனை கம்பம் பார்த்தோம், எவ்வளவு நேரம், காற்று, வெயில் எல்லாம் சேர்த்து. குளிர்காற்று அடிக்கிற நாளில் ஒன்றும் தட்டுப்படாததற்கும், நல்ல வெயிலில் தட்டுப்படாததற்கும் ஒரே மதிப்பு கிடையாது. வரைபடம் 10 கிலோமீட்டர் கட்டங்களாக அச்சாகும்போது ஒரு பூச்சிக்குக் கட்டம் முழுக்க நிறம் வந்துவிடும். உள்ளே ஆறு ஒரு கீற்றுதான். புள்ளிகள் பாலத்தையும் ரோட்டையும் ஒட்டியே விழும், ஆள் போவது அங்கேதானே.

செந்திலிடம் சொல்லுங்கள், விலங்கியல் படிக்கிறவனுக்கு ஸ்டோன்ஃப்ளை நம் மலையிலேயே கிடைக்கும். மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில் நியோபெர்லா என்ற வகை உண்டு. கல்லைப் புரட்டி, வால் இரண்டா, ஒவ்வொரு காலிலும் நகம் இரண்டா என்று பார்க்கட்டும். நகம் ஒன்றே இருந்தால் அது மேஃப்ளை என்ற வேறு பூச்சி. பார்த்த கல்லைப் பழையபடி வைத்துவிட வேண்டும். மணிமுத்தாறு போனால் எனக்காகவும் கொஞ்ச நேரம் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் அப்படி இருக்காது அப்பா. காலை வைத்தால் எலும்பு வலிக்கும்.

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாள். சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் வைத்தால் இட்லி மாவு இரண்டு நாளில் பொங்குகிறது. ஹீட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டால் போதும், ரொம்பச் சூடு உடம்புக்கு ஆகாது. நல்லெண்ணெய் அனுப்ப வேண்டாம், கூரியர் காசு எண்ணெயை விட அதிகம்.

சித்தப்பா வரப்பைத் தள்ளிப் போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாய்ச்சண்டை வேண்டாம். எல்லையை அளக்கச் சொல்லி எஃப்-லைன் மனு கொடுத்துவிட்டு, புலப்பட நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் வரும் நாளில் பேச்சிமுத்து மாமாவும் உடன் இருக்கட்டும். செல்விக்கு வந்த கோவில்பட்டி ஜாதகம் பொருந்தினால் நிறுத்தி வைக்காதீர்கள், என்னால் வர முடியுமா என்று பார்க்கத் தேவையில்லை. இந்த மாதம் பணம் சற்றுக் குறைவாக வந்திருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், அவ்வளவுதான். மழைக்கு முன்னால் அடுக்களை ஓடு மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆசாரியிடம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புள்ள மகன்,
கணேசன்